பழைய வீட்டுக்குப் புதிதாக வருகிற பிள்ளைக்கு

கண்ணு,

நீயும் மருமகளும் பெங்களூரைக் காலி செய்துகொண்டு நம்முடைய அடிஅண்ணாமலை வீட்டுக்கே குடிவரப் போகிறீர்கள் என்று உன் அப்பன் போனில் சொன்னான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த உன் பெரியம்மாவுக்கு அப்படி எதுவும் அடைக்கவில்லை. “அந்தப் பிள்ளைகிட்ட முதல்ல ஒண்ணு சொல்லிடுங்க. நீங்க ரிப்பேர் பண்ணி வச்சது எதையும் நம்ப வேணாம்னு” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அப்பா போனபோது எனக்கு வயது இருபத்தாறு. போன வருஷம் முழங்கால் மடங்க மறுத்து வேலூரில் உன் அக்கா வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்த வீட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். தொழில் கணக்கு வாத்தியார். ‘முதலில் கணக்கை முழுசாகப் படி, அப்புறம் பேனாவைத் தொடு’ என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். வீட்டில் ஒரு நாளும் அப்படி நடந்துகொண்டதில்லை. கண் பார்த்து முடிப்பதற்குள் கை போய்விடும். அந்தக் கை உடைத்தவற்றிலிருந்து சிலவற்றை உனக்கு எழுதுகிறேன்.

1. முதல் மழைக்காலம் முழுக்க வீட்டைப் பார்த்துக்கொண்டே இரு. எதிலும் கை வைக்காதே. எந்த மூலையில் சொட்டுகிறது, எந்தச் சுவர் வியர்க்கிறது, எந்தக் கதவு ஐப்பசியில் உப்பி மாசியில் தானாகவே சரியாகிறது என்பதையெல்லாம் வீடே உனக்குச் சொல்லும். நான் கேட்கவில்லை. பொறுப்புக்கு வந்த முதல் வருஷமே தெருப்பக்கச் சுவரின் அடியில் கொஞ்சம் உதிர்ந்திருப்பது என் கண்ணை உறுத்தியது. அது மண்சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்கி வந்து அடிமுதல் இடுப்பு உயரம்வரை பூசவைத்தேன். பளபளவென்று இருந்தது. ஊரே நின்று பார்த்தது. அடுத்த மாசியில் தட்டினால் ‘டொக் டொக்’ என்று காலிப்பானை சத்தம். அதற்கடுத்த ஐப்பசியில் பாளம் பாளமாக விழுந்தது, பின்னால் இருந்த மண்ணையும் இழுத்துக்கொண்டு.

சரிசெய்ய வந்த பெரிய கொத்தனார், வயது எழுபதுக்கு மேல் இருக்கும், எதையும் தொடாமல் சுவருக்கு எதிரே ஒரு பீடி தீரும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: “வாத்தியாரே, மண்ணு மூச்சு விடும். நீங்க மூக்கைப் பொத்திட்டீங்க.” தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் அதைப் போகவிடாது. உள்ளேயே தங்கிச் சுவரைக் கரைக்கும். மண்ணுக்கு மண், சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு என்பது அவர் கணக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பை அரைக்கும் கோயில் திருப்பணி வேலையைச் சின்ன வயதிலேயே கற்றவர். வீடு ஒழுகுகிறது, உதிர்கிறது என்று நீ குன்றிப்போக வேண்டாம். அண்ணாமலையார் கோயிலுக்கே பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் செய்வதுதான் வழக்கம். கடைசியாக 2017 பிப்ரவரி 6-ஆம் தேதி நடந்தது. 217 அடி ராஜகோபுரத்துக்குச் சாரம் கட்டுகிறார்கள் என்றால் நம் வீடு எம்மாத்திரம்.

2. குரங்கோடு பகை வைத்துக்கொள்ளாதே. மலையடிவாரத்தில் அவை நமக்கு முன்பே குடியிருப்பவை. கிரிவலப் பாதையில் வருகிறவர்கள் வாழைப்பழம் கொடுத்துப் பழக்கிவிட்டதால் உரிமையோடு ஓட்டின்மேல் நடக்கும். நாட்டு ஓடு சரியும். ஒரு நாள் கோபத்தில் கல்லை எடுத்து வீசினேன். குரங்கு நகர்ந்துகொண்டது. நம் ஓடு மூன்று, அடுத்த வீட்டு ஓடு இரண்டு. அந்த இரண்டுக்காக நான் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. வருஷா வருஷம் ஆடியில் ஓடு மாற்றிவிடு. உடையாததைத் திருப்பி அடுக்க ஆள் கூலி, உடைந்ததற்கு மாற்றாகக் கொட்டகை மூலையில் நான் அடுக்கி வைத்திருக்கும் பழைய ஓடு, இவ்வளவுதான் செலவு. சமையலறை ஜன்னலுக்கு வலை அடி. கையால் எதுவும் ஊட்டாதே. பிறாண்டினாலோ கடித்தாலோ, நாய்க்கடிக்குச் செய்வதையே செய். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. ஊசிக்குக் காசில்லை. மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தேதி போட்டுத் தருவார்கள். ஒன்றையும் தவறவிடாதே.

3. உடைத்தது நீயென்றால், நீதான் என்று முதலில் சொல்லிவிடு.

இதை நான் கற்றது ஒரு சித்ரா பௌர்ணமி இரவில். திருவண்ணாமலைக்காரன் வீட்டுக்குப் பௌர்ணமிக்குச் சொந்தம் வருவது உனக்குத் தெரிந்ததுதானே. அன்றைக்குப் பத்தொன்பது பேர். பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, பாதம் கொப்புளித்து, பின்கட்டில் கால் கழுவ வரிசையில் நிற்கிறார்கள். அங்கே குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அது ஆறு மாசமாக ஒழுகுகிற குழாய். ஆனால் அன்றைக்கு என் மாமனார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். போதாதா? “ஒரு வாஷர் போட்டா சரியாயிடும் மாமா” என்று பைப் ரெஞ்சை எடுத்தேன். முதல் திருப்பில் அசையவில்லை. இரண்டாவதில் உடம்பையே கொடுத்தேன். குழாய் கையோடு வந்தது. குழாய் மட்டுமல்ல, துருப்பிடித்த இரும்புப் பைப்பின் கழுத்தும் சேர்ந்து, சுவருக்குள்ளே ஒடிந்துகொண்டு.

ஆயிரம் லிட்டர் டேங்க் தண்ணீர் நேராக என் நெஞ்சில் அடித்தது. ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விசிறி மாதிரி பிரிந்து மாமனார் வேட்டிமேல் அடித்தது. கேட் வால்வு எங்கே என்று எல்லாரும் கத்துகிறார்கள். எங்கே என்று எனக்குத் தெரியாது. என் வீடு, நானே ஆள் வைத்துப் போட்ட பைப், தெரியாது. பெரியம்மாதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், டேங்குக்குக் கீழே வாழைச்சருகுக்குள் கண்டுபிடித்தாள். அதுவும் திரும்பவில்லை. வருஷக்கணக்காக யாரும் தொடாமல் இறுகிப் போயிருந்தது. டேங்க் காலியான பிறகுதான் தண்ணீர் நின்றது. பத்தொன்பது பேருக்குக் குடிக்க இரண்டு குடம் மிச்சம்.

இதுவரை நடந்தது விபத்து. தப்பு இனிமேல்தான். நனைந்த சட்டையோடு நின்றுகொண்டு, “துருப்பிடிச்ச பைப்பு, யார் தொட்டாலும் இப்படித்தான் ஆகும்” என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. மாமனார் வேட்டியைப் பிழிந்துகொண்டே, தெருக்குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவரக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் முதுகு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. ‘நான்தான் அவசரப்பட்டேன் மாமா’ என்ற மூன்று வார்த்தைக்கு என்ன விலை? அவர் உயிரோடு இருந்தவரை சொல்லவில்லை. கேட் வால்வுக்கு இப்போது சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன். மாசம் ஒரு முறை மூடித் திற, இறுகாது.

4. கரண்டில் வீரம் வேண்டாம். துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டாதே, நைலான் கயிறு கட்டு. கொடிக்கம்பியின் ஒரு முனையை, மெயின் ஒயர் போகிற கொக்கியிலேயே நான் கட்டியிருந்தேன். ஒயரின் தோல் உரிந்திருந்ததை யார் பார்த்தார்கள்? மழை விட்ட காலையில் பெரியம்மா ஈரச்சேலையைக் கம்பியில் போட்டாள், தூக்கி எறியப்பட்டாள். காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அந்தச் செருப்பை இன்னும் வைத்திருக்கிறேன், அவளுக்குத் தெரியாது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல். கரண்ட் எங்காவது கசிந்தால் அதுவே அணைத்துவிடும். அதில் ‘டெஸ்ட்’ பட்டன் ஒன்று இருக்கும், அவ்வப்போது அழுத்தி, விழுகிறதா என்று பார். எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்று.

5. பாசம் இருந்தால் மட்டும் போதாது, எதன்மேல் பாசம் வைத்திருக்கிறாயோ அதன் வயிறு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள். நீங்கள் மாடு வாங்கப் போவதாக மருமகள் ஆசைப்படுகிறாளாம். நல்லது. ஒரு மாட்டுப்பொங்கல் கதை கேள்.

நம்மிடம் ஒரு செவலை இருந்தது, ஐந்து மாசச் சினை. அன்று காலை குளிப்பாட்டி, கொம்புக்குக் காவி அடித்து, மாலை போட்டு, படைத்த பொங்கலை ஒரு உருண்டை ஊட்டினேன். நாக்கைச் சுழற்றிச் சுழற்றிச் சாப்பிட்டது. அந்த அழகைப் பார்த்து இன்னொரு உருண்டை. அப்புறம் பெரியம்மா ஒரு தட்டு. அப்புறம் பிள்ளைகள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, பானை மட்டும் காலி. சாயங்காலம் செவலை அசை போடுவதை நிறுத்தியது. இடப்பக்க விலா மேளம் மாதிரி உப்பியது. புளித்த வாடையோடு கழிந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்துவிட்டது.

கால்நடை டாக்டர் வந்து சேர இரவு ஒன்பது மணி. புல்லும் வைக்கோலும் செரிக்கிற வயிறு அது. சோறு மொத்தமாகப் போனால் உள்ளே புளித்து அமிலமாகிவிடும், ரத்தத்தையே கெடுத்துவிடும் என்றார். சோடா உப்புக் கரைசல் கொடுத்தார், ஊசி போட்டார். “வருஷா வருஷம் இந்த நாள்ல எனக்குத் தூக்கமே இல்ல சார். எல்லாரும் மாட்டுக்கு நன்றி சொல்லியே கொல்றீங்க” என்றார். விடியவிடியக் கொட்டகையில் நானும் பெரியம்மாவும், ஆளுக்கு ஒரு பக்கம், பேசாமல். ‘நீ கொடுத்த தட்டு’, ‘நீங்க கொடுத்த உருண்டை’ என்று சண்டை போட்டு ஓய்ந்திருந்தோம். அதே ராத்திரிதான் கோயிலில் திருவூடல் என்று அப்புறம்தான் நினைவு வந்தது. தை இரண்டாம் நாள் மாலை திருவூடல் தெருவில் சுவாமியும் அம்மனும் ஊடல் கொள்வார்கள். அம்மன் கோயிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, சுவாமி வெளியே தங்கி, மறுநாள் மலையைச் சுற்றிவிட்டு வந்துதான் சமாதானம். உலகத்தைக் கட்டி ஆளுகிறவர்களுக்கே ஒரு ராத்திரி ஆகிறது. எங்களுக்கு விடிகாலை நாலு மணிக்குச் செவலை தலையைத் தூக்கி ஒரு முறை அசை போட்டதும் ஆயிற்று. பெரியம்மா அழுதாள், நான் தண்ணீர் காட்டப் போனேன்.

இப்போது 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது. எண்ணைக் கொட்டகைக் கதவிலேயே எழுதி வை. மாட்டுப்பொங்கலுக்கு ஒரு உருண்டை, அதுவும் ஒருவர் கையால்.

6. நாயை வைத்துக்கொள்வதானால் கூட வைத்துக்கொள், கட்டி வைத்துக்கொள்ளாதே. மணி என்று ஒரு கறுப்பு நாய் தானாக வந்து திண்ணையில் சேர்ந்தது. கோழியைத் துரத்துகிறது என்று சங்கிலி போட்டேன். ஒரு தீபாவளி ராத்திரி தெருவில் சரவெடி. நாங்கள் எல்லாம் வாசலில் மத்தாப்புப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். பின்கட்டில் அது ஒற்றையாய், சங்கிலியில். கழுத்துப் பட்டையை அறுத்துக்கொண்டு போனது போனதுதான். எட்டு நாள் சைக்கிளில் தேடினேன். குபேர லிங்கம் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்குமேல் தகவல் இல்லை.

ரமணாசிரமத்துக்கு மருமகளை அழைத்துப் போனால், லட்சுமிப் பசுவின் சமாதியைக் காட்டு. 1948-இல் அது இறந்தபோது எழுப்பியது. பக்கத்திலேயே மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும் உண்டு. ரமணர் நாயையோ மாட்டையோ ‘அது’ என்று சொல்லமாட்டாராம், அவன், அவள் என்பாராம். நாய்களுக்குச் சோறு வைத்தாயிற்றா என்று கேட்டுக்கொள்வாராம். மணியைப் பற்றி எழுதும்போது நான் இன்னும் ‘அது’ என்றுதான் எழுதியிருக்கிறேன், பார். வருஷத்துக்கு ஒரு முறை வெறிநாய்த் தடுப்பூசி போட்டுவிடு. தீபாவளியன்று உள்ளறையில் கூடவே ஒருவர் இருங்கள்.

7. கோபத்தில் கை ஓங்கும் முன், இந்த இடத்தில் இதை வைத்தது யார் என்று ஒரு தடவை யோசி. உன் அப்பனுக்குப் பன்னிரண்டு வயது. கார்த்திகைக்குப் பத்து நாள் முன்பே பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்து, பழந்துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, மாவளி தயாராக வைத்திருந்தான். தீபத்தன்று ஆறு மணிக்கு மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் அம்மா வாசலில் அகல் ஏற்றினாள், இவன் மாவளியில் நெருப்பு வைத்துச் சுற்ற ஆரம்பித்தான். தலைக்குமேல் பொன் வட்டம். தெருவே வாய்பிளந்து பார்த்தது. ஒரு பொறி காற்றில் போய் வைக்கோல் போரில் உட்கார்ந்தது. ஒரு வருஷத் தீவனம் அரைமணி நேரத்தில் சாம்பல். எல்லார் முன்னாலும் அவனை அடித்தேன். அவன் அழவில்லை. கரி படிந்த கையை டவுசரில் துடைத்துக்கொண்டே நின்றான்.

போர் இருக்க வேண்டிய இடம் களத்தின் கோடி. அங்கிருந்து தினமும் தூக்கி வர அலுப்புப்பட்டு, வாசலுக்கு இருபது அடியில் போர் போட்டது நான். அது எனக்கு அடிக்கும்போதே தெரியும். அவனிடம் இதுவரை சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டு.

8. தண்ணீர் போன வழியை மூடாதே. வீட்டுக்குப் பின்னால், மலைத்தண்ணீர் ஏரிக்குப் போக ஒரு சின்ன வாய்க்கால் இருந்தது. பத்து வருஷத்தில் இரண்டு முறைதான் அதில் தண்ணீர் பார்த்தேன். வீண் பள்ளம் என்று மண் கொட்டி மேடாக்கி, பைக் நிறுத்தத் தகரம் போட்டேன். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தது. வழியில் நம் வீடு. முழங்கால் அளவு. மணிலா மூட்டைகள் மிதந்தன. இருட்டில் பக்கத்து வீட்டுப் பையனோடு மண்வெட்டி போட்டு, நானே மூடியதை நானே வெட்டினேன். முழங்கால் போனது அன்றைக்குத்தான். அதே மழையில் டவுனில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக வீட்டின்மேல் இறங்கி, குழந்தைகளோடு ஏழு பேர் போனார்கள். என் மூட்டைகளைப் பற்றிப் புலம்ப வாய் வரவில்லை. வாய்க்கால் இப்போது திறந்துதான் இருக்கிறது. புரட்டாசியில் ஒரு தடவை தூர் எடு. யாராவது வந்து, ‘இதை மூடினா கார் நிறுத்தலாமே’ என்பார்கள். காபி கொடுத்து அனுப்பு.

9. ஏணி கொட்டகைச் சுவரோரம் சாத்தியிருக்கிறது. மூங்கில் ஏணி. கீழிருந்து நான்காவது படியில் கால் வைக்காதே, கயிறு சுற்றி ஒப்பேற்றியிருக்கிறேன். பதினோரு வருஷமாக, அடுத்த வாரம் மாற்றிவிடுகிறேன் என்று பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தீபத்துக்கு நாங்கள் வருவதற்குள் ஒரு மூங்கில் துண்டு வாங்கி நீ மாற்றிவிடு. அவள் கேட்டால், நான் போன வருஷமே மாற்றிவிட்டதாகச் சொல்லு. வேண்டாம். நீ மாற்றியதாகவே சொல்லிவிடு.